பங்காளித் தீட்டு

மலைமேல் இருக்கிற புதூர்நாட்டில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், "பாயம்மா வூடா?" என்று சொல்லி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு வீட்டைக் காட்டுவார்கள். எந்தப் பாயம்மா என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சுற்று வட்டாரத்தில் முஸ்லிம்கள் என்று இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான். நான் பள்ளியில் சமூக அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், என்னைவிட வயதில் சின்னவள். தனியாக இருக்க இருவருக்குமே பயம் என்பதால் ஒன்றாகக் குடிவந்தோம். மலைக்காரர்கள் எங்களை அக்கா தங்கை என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு ஜுரம் வந்தால் அவளிடம் போய், "உங்க அக்காவுக்கு இன்னா பண்ணுது?" என்று விசாரிப்பார்கள்.

முதல் வருடம் நான் விளக்கிப் பார்த்தேன். என் ஊர் ஆம்பூர் பக்கம், வீட்டில் பேசுவது தமிழ். அவள் வேலூர்க்காரி, வீட்டில் உருது. சொந்தமும் இல்லை, ஊரும் ஒன்றில்லை என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரிங்க, உங்க தங்கச்சிய வரச் சொல்லுங்க, கொழந்தைக்கு ஊசி போடணும்" என்றார்கள். இதற்கு மேல் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவானேன் என்று விட்டுவிட்டேன். அக்காவாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே பிரிவுகூட இல்லை என்பதை நான் அவர்களிடம் சொல்லவே முயன்றதில்லை. எனக்கே அது தெரியவந்தது குடிவந்த முதல் வாரத்தில்தான். அவளுடைய தொழுகை விரிப்பின் மேல் வட்டமாக ஒரு களிமண் வில்லை கிடந்தது. முகத்துக்குப் பூசுகிற முல்தானி மட்டி என்று நினைத்தேன். சாமானைக் கண்ட இடத்தில் போடுகிற பெண்ணாக வந்து வாய்த்திருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போய்க் குளியலறைச் சோப்பு டப்பாவில் வைத்தேன். அவள் வீடெல்லாம் தேடி, கடைசியில் அங்கே கண்டெடுத்தாள். துப்பட்டாவால் துடைத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது.

"கர்பலா மண்ணு ஆபா. சஜ்தாவுல இது மேலதான் நாங்க நெத்திய வெப்போம்" என்றாள். உருதில் ஆபா என்றால் அக்கா.

"நீ ஷியாவா?"

"ஆமா ஆபா. மறைக்கணும்னு இல்ல. நீங்க கேக்கல."

இந்தப் பிரிவு எப்படி வந்தது என்று தெரியாதவர்கள் இருக்கலாம், கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் புத்தி, விடாது. நபிகள் மறைந்த பிறகு சமூகத்தை யார் வழிநடத்துவது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. நபிகளின் மருமகனும் அவர் வழி வந்தவர்களும்தான் தலைமைக்கு உரியவர்கள் என்றது ஒரு பக்கம். மூத்தவர்கள் கூடித் தேர்ந்தெடுத்தவரை ஏற்றுக்கொண்டது இன்னொரு பக்கம். முதல் பக்கத்தார் ஷியா, இரண்டாவது பக்கத்தாரான நாங்கள் சுன்னி. அரை நூற்றாண்டு கழிந்தது. புதிதாக ஆட்சிக்கு வந்த ஒருவன், எல்லோரும் தன்னைத் தலைவனாக ஏற்றுக் கை கொடுக்க வேண்டும் என்றான். நபிகளின் பேரர் மறுத்தார். கூஃபா நகரத்தார் வாருங்கள் என்று அவரை அழைத்தார்கள். குடும்பத்தோடு புறப்பட்டுப் போனார். அழைத்தவர்கள் பயந்து பின்வாங்கிக்கொண்டார்கள். கர்பலா என்ற வெட்டவெளியில் படை அவரை வளைத்தது, ஆற்றுத் தண்ணீரைத் தடுத்தது, முஹர்ரம் பத்தாம் நாள் அவரையும் கூட நின்றவர்களையும் கொன்றது. கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒரே திசையைப் பார்த்துத் தொழுதவர்கள்.

அவர் எங்களுக்கும் உயிர்தான். அவரைக் கொல்லச் சொன்னவனை எங்கள் வீட்டிலும் யாரும் நல்லவன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பத்தாம் நாள் எங்களுக்கு வேறு ஒன்றுக்கான நாளும்கூட. மூஸா நபியும் அவருடைய மக்களும் கடலைக் கடந்து கொடுங்கோலனிடமிருந்து தப்பிய நாள் அது. அதற்கு நன்றி சொல்லி நோன்பு வைப்போம். துக்கம் காப்பது எங்கள் வழக்கமில்லை. அவர்களுக்கோ அன்றைக்கு ஒவ்வொரு வீடும் சாவு வீடு.

இதைப் பற்றி நானும் அவளும் ஒரே ஒரு முறை விவாதித்தோம். அடுப்பில் இருந்த சாம்பார் தீய்ந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு, வீட்டில் இரண்டு விஷயங்களைப் பேசுவதில்லை என்று உடன்பாட்டுக்கு வந்தோம். ஒன்று இது. மற்றது என் சமையல்.

முஹர்ரம் மாதம் பிறந்தால் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு வேலூருக்கு இறங்கிவிடுவாள். நானும் பண்டிகை லீவுக்கு ஊருக்குப் போய்விடுவேன். அதனால் அந்தப் பத்து நாட்கள் எங்களுக்குள் ஒரு பிரச்சினையாக வந்ததே இல்லை. இந்த வருடம் வந்தது. கூட வேலை பார்க்கும் நர்ஸ் பிரசவ விடுப்பில் போய்விட்டதால் இவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பத்து நாளும் கறுப்பு உடையில் வேலைக்குப் போனாள். எனக்கும் ஏனோ அவளைத் தனியாக விட்டுவிட்டு ஊருக்குப் போக மனம் வரவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. ஜீப்பில் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னேன்.

மனம் வராததற்குக் காரணம் அவளுடைய அப்பா. தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரமலானுக்கு முன்பு தவறிவிட்டார். மார்க்க அறிஞரெல்லாம் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் பத்தாம் நாள் மதியத்துக்கு மேல் வீட்டாரை உட்கார வைத்துக் கர்பலாவில் நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை அவர்தான் சொல்வாராம். காலையிலிருந்து யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல எல்லோரும் அழுவார்கள். சொல்லி முடித்த பிறகுதான் தண்ணீர். அவள் பிறந்ததிலிருந்து ஒரு வருடம்கூட அப்பா வாயால் கேட்காமல் இருந்ததில்லை. அவர் இல்லாத இந்த முதல் வருடத்தில், மலை உச்சியில், சொல்வதற்கு ஓர் ஆள்கூட இல்லாமல் அவள் மாட்டிக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலையில் இரவு டூட்டி முடிந்து வந்தாள். அன்று இரவும் டூட்டி இருந்ததால் வேலூர் போய் வர வழியில்லை. மதியம் கைப்பேசியைச் சாமை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்தாள். சென்னையில் யாரோ ஒரு பெரியவர் உருதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். நோன்பு வைத்தவளுக்கு அடுப்படியில் என்ன வேலை? இருந்தாலும் போய் நின்றுகொண்டேன். ஒரே வீட்டில் இரண்டு வெறும் வயிறு, ஒன்று நன்றிக்காக, ஒன்று துக்கத்துக்காக.

கொஞ்ச நேரத்தில் பெரியவரின் குரல் விட்டு விட்டு வந்து, பிறகு நின்றேபோனது. எங்கள் பக்கத்தில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே சிக்னல் போய்விடும். அவள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பாறைமேல் ஏறினாள். நெடுநேரம் அங்கேயே நின்றாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"ஆபா, மிச்சத்த நீங்க சொல்றீங்களா?"

"நானா? உனக்குத் தெரியாததா? நீயே சொல்லிக்க வேண்டியதுதானே?"

"நேத்து சொல்லிப் பாத்தேன். ரெண்டு வார்த்தைக்கு மேல வரல. சொல்றவளே அழுதா கேக்கறது யாரு ஆபா?" என்றாள். "நீங்க அழ வேணாம். சொன்னா போதும். இந்த வருசம் கேக்காமலே போய்டுமோன்னு பயமா இருக்குது."

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. முந்தின நாள்தான் என் அண்ணன் குடும்பக் குழுவில் ஒரு குரல் செய்தியை அனுப்பியிருந்தார். துக்கம் கொண்டாடுகிற சபைகளில் நம்மவர்கள் போய் உட்காரக் கூடாது என்று யாரோ ஒருவர் நீளமாகப் பேசியிருந்தார். அண்ணனிடம் எனக்குப் பயமெல்லாம் கிடையாது. ஆனால் ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். அதைவிட, எனக்கே ஒரு தயக்கம் இருந்தது. நம் வழக்கமில்லாத ஒன்றை, மனம் முழுதாக ஒப்பாமல், நாடகம் மாதிரி எப்படிச் செய்வது? அவளையும் கொச்சைப்படுத்தியது போலத்தானே ஆகும்?

"நான் சொன்னா பாடம் நடத்தற மாதிரி இருக்கும்மா" என்றேன்.

"பரவால்ல ஆபா."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா படியேறி வந்தாள். என் வயதுதான் இருக்கும். குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும். கதவைத் தட்டுகிற பழக்கமெல்லாம் இல்லை. ஒரு பேசின் நிறையப் பலாச்சுளை வைத்திருந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, மொகரம் பண்டிக அதுவுமா பிரியாணி வாசனையே காணோம்? இஸ்கூலுக்குக்கூட லீவு வுட்டுக்கீறாங்க!"

நான் ஓடிப்போய் வாசலிலேயே மறித்தேன். அதற்குள் அவள் என் தோளுக்கு மேலாக எட்டி உள்ளே பார்த்துவிட்டாள். கறுப்பு உடை, அவிழ்ந்த தலை, அழுது வீங்கிய முகம்.

"இன்னா ஆச்சு நர்ஸம்மாவுக்கு?"

"சத்தம் போடாதீங்க. அவங்க ஆளு ஒருத்தர் தவறிட்டாரு."

"ஐயய்யோ! எப்போ?"

"இன்னிக்குத்தான்" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. முஹர்ரம் பத்து என்றால் இன்றைக்குத்தான். விளக்கம் சொல்லி நீட்டாமல் அந்த அம்மாவை அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம். அவள் பேசினை முந்தானையால் மூடிக்கொண்டு விடுவிடுவென்று இறங்கிப் போனாள். நல்லவேளை, தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

தொல்லை அரைமணி நேரத்தில் நான்கு பேராகத் திரும்பி வந்தது. நான்கு பெண்களும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, என்னைத் தாண்டி நேராக அவளிடம் போனார்கள். பக்கத்து வீட்டு அம்மா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஓவென்று குரலெடுத்து அழுதாள். ஒருத்தி தூக்குப் போசியில் வரக்காப்பி கொண்டுவந்திருந்தாள். சாவு வீட்டில் அடுப்பெரியாது, பக்கத்து வீட்டார்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். குடிக்க முடியாத இரண்டு பேர் இருக்கும் வீட்டில் அந்தக் காப்பி மணக்க மணக்க நடுக்கூடத்தில் இருந்தது.

நர்ஸ் திகைத்துப்போனாள். வெளியே ஜீப் ஹார்ன் அடித்தது.

"பொணத்த எப்போ எடுக்கறாங்க? வேலூரா? நேரம் ஆய்டப் போவுது, கெளம்பும்மா. நான் ஜீப்பு சொல்லிட்டேன்" என்றாள் பக்கத்து வீட்டு அம்மா.

எங்கள் மலையில் ஜீப் என்பது ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். அதை ஒருத்திக்காக வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் இனி மூடி மறைக்க முடியாது. நான் வெளியே போய் டிரைவரை அனுப்பிவிட்டு வந்து, நின்றபடியே சொன்னேன். இறந்தவர் எங்கள் நபிகளின் பேரர். அது நடந்து ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கு என்று நான் சொன்னது அந்த நாளை.

நால்வரில் இளையவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மா சிரிக்கவில்லை. என்னை முறைத்துவிட்டு நர்ஸிடம் திரும்பினாள்.

"அவ்ளோ நாளாச்சா? அப்பறம் இன்னாத்துக்கும்மா இன்னும் அழுவுறே?"

நர்ஸ் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "மூணு நாளா அவர அடக்கம் பண்ணலக்கா. வெயில்லயே போட்டுட்டுப் போய்ட்டாங்க."

சிரித்தவளின் கை வாயிலிருந்து இறங்கியது.

"மூணு நாளா? ஏன், அந்த ஊர்ல ஜனமே இல்லியா?" என்றாள் பக்கத்து வீட்டு அம்மா. "யாரு கொன்னது? வேத்து ஆளா?"

"இல்லக்கா. எங்க ஆளுங்கதான்."

"அப்போ பங்காளி சண்டையா?"

திருத்துவதற்காக நான் வாயைத் திறந்தேன். பேரரசு, வாரிசுரிமை, அரசியல் என்று வகுப்பில் சொல்கிற வார்த்தைகளெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆட்சியில் இருந்தவனின் குலமும் நபிகளின் குலமும் ஒரே முப்பாட்டனிடமிருந்து கிளைத்தவை. ஒரு தகப்பன் வழியில் வந்து, சொத்திலும் சாவிலும் பங்குள்ளவர்களுக்குத் தமிழில் வேறு என்ன பெயர்?

"ஆமா. பங்காளிங்கதான்" என்றேன்.

"இன்னாத்துக்கு? நெலமா?"

"யாரு தலைவருங்கறதுக்கு."

"அத்தான பாத்தேன்" என்று மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க இன்னா டீச்சரம்மா, யாருக்கோ வந்த மாதிரி நின்னுக்கினு கீறீங்க? தங்கச்சி அழுவுது, நீங்க அழுவல?"

"நான் வேற, அவங்க வேற. எங்க வழி வேற. ரெண்டுக்கும் ஒத்துவராது" என்றேன் எரிச்சலோடு. முதல் வருடத்திலேயே சொல்லியிருக்க வேண்டியது.

"சண்டையா?"

"பழைய சண்டை."

"அப்போ நீங்க பங்காளி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் ஒண்ணும் கொன்னவங்க வம்சம் இல்ல! அவரு எங்களுக்கும் பெரியவருதான்!"

"கொன்னீங்கன்னு யாரு சொன்னா? பங்காளின்னுதான சொன்னேன்" என்றாள் அவள், என்னைவிட உரத்த குரலில். "தோ, எதிர் வூட்டுக்கும் எங்களுக்கும் ஒரு புளியமரத்துக்கு வருசக்கணக்கா பேச்சுவார்த்தையே கெடியாது. அவங்கப்பன் செத்தாரு. பொணம் எடுக்கறவரைக்கும் எங்க வூட்ல அடுப்பு மூட்டல. கருமாதிவரைக்கும் எங்களுக்கும் தீட்டுதான். பேசல, ஆனா போய் ஒக்காந்தோம். பங்காளி ஒக்காராம எப்டி?"

"எங்க மார்க்கத்துல தீட்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

"இல்லாட்டி போவட்டும். ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். நான்கு பேர் அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது நிற்க முடியவில்லை என்பதும் ஒரு காரணம். தரையில் நர்ஸுக்கு எதிரில் இடம் விட்டார்கள்.

"சொல்லுங்க. எப்டி செத்தாரு?"

சாவு வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். வந்தவர்கள் கேட்பார்கள், வீட்டார் ஒருவர் முதலிலிருந்து சொல்வார், அடுத்தவர் வந்தால் மறுபடி சொல்வார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்பு நர்ஸ் கேட்டதும் இதுதான். அப்போது அது எனக்கு மார்க்கப் பிரச்சினையாகத் தெரிந்தது. இவர்கள் கேட்டபோது வெறும் மரியாதையாகிவிட்டது.

சொல்ல ஆரம்பித்தேன். ஊருக்கு வா என்று அழைத்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டதைச் சொன்னேன். "கூப்ட்டுட்டா?" என்றாள் ஒருத்தி. கண்ணுக்கு முன்னால் ஆறு ஓடியும் ஒரு வாய் தண்ணீர் எடுக்க விடாததைச் சொன்னேன். "மாட்டுக்குக்கூட வுடுவாங்களே" என்றாள் இன்னொருத்தி. குழந்தைகளின் தாகம் பொறுக்காமல் பேரரின் தம்பி தோல்பையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனது, தண்ணீரை மொண்டு, தான் குடிக்காமல், குழந்தைகளுக்கென்று திரும்பியது, வழியில் இரண்டு கைகளையும் இழந்தது, பை கிழிந்து தண்ணீர் மணலில் கொட்டியது. சொல்லச் சொல்ல, பாடம் நடத்துகிற குரல் எங்கேயோ போய்விட்டது. அவர்கள் என்னை வேகமாகப் போக விடவில்லை. தம்பிக்குக் கல்யாணமாகியிருந்ததா, அந்த அம்மா எங்கே இருந்தாள், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாததை நர்ஸ் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

பேரரின் கைக்குழந்தையின் கதைக்கு வந்தேன். தாய்ப்பால் வற்றிப்போய், நாக்கு வறண்டு கிடந்த குழந்தையைப் பேரர் கையில் ஏந்திக்கொண்டு படைக்கு முன்னால் வந்தார். எனக்கு வேண்டாம், இதற்கு மட்டும் கொடுங்கள் என்று கேட்டார். பதிலுக்கு அம்பு வந்தது. குழந்தையின் கழுத்தில்.

சற்று முன்பு சிரித்தவளுக்கு வீட்டில் பால் குடிக்கிற குழந்தை இருக்கிறது. அவள்தான் முதலில் குரலெடுத்தாள்.

"ஆறு நெறையத் தண்ணி ஓட, என் ராசாவே,
நாக்கு வறண்டு போனியே..."

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்கள் வீட்டுச் சாவுக்குப் பாடுகிற மெட்டில் வார்த்தைகள் தானாக வந்து உட்கார்ந்தன. நர்ஸின் கை மெல்ல எழுந்து அவள் மார்பில் விழுந்தது. மறுபடி விழுந்தது. மாரில் அடித்துக்கொள்வதை அந்தப் பெண்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களும் அடித்துக்கொண்டார்கள். உருதில் அவள் ஏதோ சொல்லி அரற்ற, தமிழில் இவர்கள் ஒப்பாரி வைக்க, எங்கள் ஓட்டு வீடு உண்மையாகவே சாவு வீடாகிவிட்டது.

கடைசிப் பகுதியை நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பேரர் தனியாக நின்றதையும், விழுந்ததையும், பெண்களையும் பிள்ளைகளையும் கைதிகளாக்கிக் கொண்டுபோனதையும் சொன்னேன். உடல்கள் மணலிலேயே கிடந்ததைச் சொன்னேன்.

"அப்பறம் யாருதான் அடக்கம் பண்ணாங்க?"

"பக்கத்து ஊருக்காரங்க வந்து பண்ணாங்க."

"சொந்தமா?"

"இல்ல. சும்மா அந்தப் பக்கம் குடியிருந்த ஜனங்க" என்றேன். ஒவ்வொரு தொழுகையிலும் நபிகளின் குடும்பத்தாருக்கு அருள் வேண்டுகிறேன். பழக்கத்தில் நாக்கு தானாகச் சொல்லும். அந்தக் குடும்பம் இதுதான் என்று அன்றைக்குத்தான் முகம் முகமாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அண்ணன் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

எல்லாம் ஓய்ந்தபோது பிற்பகலின் அஸர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. நர்ஸ் எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்து, உட்கார்ந்து, மூன்று மிடறாகக் குடித்தாள். என் நோன்புக்கு இன்னும் சூரியன் இறங்க வேண்டும். அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்பா சொல்ற மாதிரி இல்ல ஆபா" என்றாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா முழுசா கேட்டுட்டேன்" என்றாள்.

பெண்கள் எழுந்து, அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டு, ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்லாமல் கிளம்ப மாட்டார்கள். சாவு வீட்டில் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. நான்கு பேரில் ஒருத்திகூடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று, "நேரா போய் தலைக்கு ஊத்திக்கினு அப்பறம் அடுப்ப மூட்டுங்க" என்று மற்றவர்களை விரட்டினாள்.

மனம் லேசாகியிருந்தது. அந்த அம்மாவைக் கொஞ்சம் சீண்டலாம் என்று தோன்றியது. "அப்போ நானும் தலைக்கு ஊத்திக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பி, இவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல என்னைப் பார்த்தாள்.

"நீங்க இன்னாத்துக்கு ஊத்திக்கினு? நாங்க வெளி ஆளு, எங்களுக்குக் குளிச்சா போய்டும். நீங்க பங்காளி. உங்களுக்குக் குளிச்சாலும் போவாது."

சொல்லிவிட்டு, அவளும் எதுவும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனாள்.